கொக்கிக்கு அரைப்பேர்

"கொக்கி!"

ஒருமுறைதான் கூப்பிடுவார். இரண்டாம் முறை கூப்பிடுவது கங்காணிக்கு அழகன்று என்பது அய்யாவு அவர்களின் கொள்கை. கூப்பிட்டுவிட்டு, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் நடுவே நிமிர்ந்து நிற்பார். பொழுது விடிந்திருக்காது. கடிகாரங்களை எல்லாம் ஜப்பானியர் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தபடியால், காலைப் பெரட்டு நேரம் வந்த பின்பும் எங்கள் காஹாங் ரப்பர்த் தோட்ட வட்டாரத்துக்குச் சூரியன் வந்து சேர நெடுநேரம் ஆகும். அந்த இருட்டில், பழைய ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையின் கூரையிலிருந்து சாம்பல் நிறப் பூனை ஒன்று குதித்து வரும். அதன் வால் குட்டை. நுனி முறுக்கிக்கொண்டு கொக்கிபோல வளைந்திருக்கும். களத்தைக் குறுக்கே கடந்து வந்து, வாயிலிருக்கும் செத்த எலியைக் கங்காணியின் காலடியில் போட்டுவிட்டு உட்காரும்.

"ஆஜர்" என்று கங்காணி அதன் சார்பில் தாமே சொல்லிக்கொள்வார். பிறகு எலியைப் பிரம்பு நுனியால் புரட்டிப் பார்ப்பார். பருத்த எலியாக இருந்தால் ஒரு தலையசைப்பு. சுண்டெலியாக இருந்தால் விசாரணை.

"ராத்திரி பூரா காட்டுல சுத்திட்டு இது ஒண்ணுதானா? இத எலின்னு சொல்ல உனக்கே வெக்கமா இல்ல? அரைப்பேரு!"

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டத்துக் கணக்கு. வேலை குறைந்தால் கங்காணி அரைப்பேர் போடுவார். பாதிக் கூலிதான் கிடைக்கும். கொக்கியின் முழுக் கூலி ஒரு கருவாடு. அரைப்பேர் போட்ட நாளில், கோட்டுப் பையிலிருந்து கருவாட்டை எடுத்து, இரு கட்டைவிரல்களையும் அதன் நடுவில் வைத்து ஒடிப்பார். 'சடக்' என்ற அந்த ஓசை, வேலிக்கு இப்பால் இருந்த என் வீட்டுச் சமையலறை வரையில் கேட்கும். ஒரு பாதி பூனைக்கு; மறு பாதி மீண்டும் பைக்குள்.

அந்தத் தோட்டத்தில் நான் சாமான் கொட்டடிக் கிராணியாக, அதாவது சரக்கறை எழுத்தராக, இருந்தேன். அய்யாவு அவர்களை இரு காலங்களிலும் பார்த்தவன். சண்டைக்கு முன் அவருக்குக் கீழ் பெரும் படையே இருந்தது. பெரட்டில் அவர் இருமினால் வரிசை நேராகும். பிறகு வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், ஜப்பானியர் வந்தார்கள், ரப்பர் வாங்க ஆளில்லாமற் போயிற்று. பால் மரங்களை வெட்டி வீழ்த்திவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மக்கள் அந்த இடத்தில் மரவள்ளி நட்டார்கள். அவரவர் நிலம், அவரவர் மண்வெட்டி. எவருக்கும் கங்காணி தேவைப்படவில்லை. அவருடைய மனைவி சண்டைக்கு முன்பே ஊருக்குப் போனவர், கப்பல் நின்றுவிட்டதால் அங்கேயே தங்கிப்போனார். இரும்புக்காக, பெரட்டு மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும் ஜப்பானியர் கழற்றிக்கொண்டு போனார்கள். அய்யாவு அவர்கள் மறுநாள் அந்த இடத்தில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதைத் தட்டினார். யாரும் வரவில்லை. கூரைமேலிருந்த பூனை மட்டும் என்னவோ ஏதோவென்று இறங்கி வந்தது. அன்றைக்கே அதற்குப் பேர் பதிந்துவிட்டார்.

காக்கிக் கோட்டை அவர் ஒருநாளும் விட்டதில்லை. துணி கிடைக்காத அக்காலத்தில் முழங்கைகளில் கோணிச் சாக்கு ஒட்டுப் போட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே இருந்ததும் அரிசிச் சாக்கில் தைத்த அரைக்கால் சட்டைதான். அதில் பர்மா ஆலை ஒன்றின் முத்திரை பின்புறம் பாதி தெரியும். தொப்பியோ மாசு மருவற்றது. வறுத்த மரவள்ளிப் பொடியில் காய்ச்சிய கறுப்பு நீரைக் 'காப்பி' என்றுதான் சொல்லுவார். வேறு பெயர் சொல்லுகிறவர்களைத் திருத்துவார்.

பூனையை வீட்டுக்குள் சேர்த்ததில்லை. மழை நாளில் அது வாசற்படிவரை வந்து நின்றால்கூடப் பிரம்பைக் காட்டுவார். "ஆளு ஆளோட எடத்துல இருக்கணும். இன்னிக்கு மழைன்னு உள்ள விட்டா நாளைக்கு வெயிலுக்கும் உள்ள வரும்." பூனையும் வீட்டுக்குள் ஆசை வைத்ததாகத் தெரியவில்லை. கொட்டகைக் கூரையும் மரவள்ளிக் காடும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

லயத்தில் இதைப் பார்த்து மிகுதியும் மகிழ்ந்தவர் மூர்த்தி. பழைய பால் வெட்டு ஆள்; கடைசி வீட்டுக்காரர். கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுப்பார்.

"கங்காணியாரே, இன்னிக்குப் பெரட்டுக்கு எத்தன ஆளு?"

"ஒண்ணு."

"லீவு யாராச்சும்?"

"வாய மூடிட்டுப் பல்ல வெளக்குடா."

"வாய மூடிட்டு எப்படி வெளக்கறது? அதையும் நீங்களே செஞ்சு காட்டுங்க."

லயம் முழுதும் சிரிக்கும். கங்காணி சிரிக்கமாட்டார். ஆனால் மூர்த்தி ஒரு நாள் குரல் கொடுக்கத் தாமதமானால், தகரத்தை இன்னொரு தடவை தட்டுவார். இதை நான் கவனித்திருக்கிறேன்.

இந்தச் சிரிப்பில் வெறுப்பு இல்லாததற்குக் காரணம் உண்டு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி பரவியிருந்த நாட்கள் அவை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்கள் தோட்டத்துக்கு லாரி வருமுன், கங்காணி லயத்துக்குப் போய், ஒவ்வொரு வாசலிலும் பிரம்பால் தட்டி, "ஆம்பளைங்க எல்லாம் சதுப்புக்கு அந்தாண்ட போய் மூங்கில் வெட்டுங்க. நான் கூப்பிடற வரைக்கும் எவனும் திரும்பி வரக் கூடாது" என்று அதட்டிவிட்டு வந்தார். வெட்டிய மூங்கில் எதற்கென்று எவரும் கேட்கவில்லை. லாரியும் வந்தது. இறங்கிய அதிகாரி, உடனே பெரட்டுப் போடும்படி கட்டளையிட்டான். கங்காணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு தகரத்தைத் தட்டினார். கூரையிலிருந்து கொக்கி இறங்கி வந்து, அதிகாரியின் பூட்சுக்கு முன்னால் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டது.

"ஓராங் தாடா, துவான். குச்சிங் ஆடா" என்றார் கங்காணி. ஆள் இல்லை ஐயா, பூனை இருக்கிறது.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. தொப்பி களத்தில் உருண்டது. அதிகாரி வெற்று லயத்தை எட்டிப் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பினான். கங்காணி தொப்பியை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டு, பையிலிருந்து முழுக் கருவாட்டை எடுத்துப் பூனைக்கு வைத்தார். அன்றைக்கு எலியே இல்லை, இருந்தும் முழுப்பேர். மறுநாள் கணக்கில் அதைக் கழித்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு மழை பிடித்துக்கொண்டபோது பிசகு தொடங்கியது. தாழ்ந்த நிலங்களில் நீர் நின்று, எலிகள் வளைகளை விட்டு எங்கோ மேட்டுக்குப் போயின. கொக்கி வெறும் வாயோடு பெரட்டுக்கு வந்தது. கங்காணி அரைப்பேர் போட்டார். மறுநாளும் அரைப்பேர். அதற்கு மறுநாளும் அந்தச் 'சடக்' கேட்டபோது எனக்கே பொறுக்கவில்லை, வேலியருகே போய் நின்று, "கங்காணி, மழை பெய்தால் எலி வராது. அதற்குப் பூனை என்ன செய்யும்?" என்றேன்.

"மழ பேஞ்சா பாலும் வராதுதான், கிராணி ஐயா. அதுக்காக முழுப்பேரு போட்டிருக்கேனா? எல்லாருக்கும் ஒரே சட்டம்."

அடுத்த நாள் காலை தகரம் ஒலித்தது. "கொக்கி!" என்ற குரல் எழுந்தது. கூரையிலிருந்து எதுவும் இறங்கவில்லை. மரவள்ளி இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையைத் தவிர வேறொன்றுமில்லை.

"கொக்கி!"

இரண்டாம் முறை. நான் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தேன். லயத்தில் பேச்சொலி நின்றது, கதவுகள் திறந்தன. மூன்றாம் முறை அவர் கூப்பிட்டபோது குரல் சற்றுக் கீழிறங்கியிருந்தது. பெரட்டுக் குரலாக இல்லை. கடைசி வீட்டிலிருந்து மூர்த்தி, என்ன காரணத்தாலோ, அன்று எதுவும் கேட்கவில்லை.

பெரட்டுக் களத்துக்கு வர அவருக்கிருந்தது அந்த ஓர் ஆள்தான். அதுவும் வராவிட்டால் அவர் கங்காணி அல்லர். காக்கிக் கோட்டு அணிந்த ஒரு கிழவர். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பசி மிகுந்த நாட்கள் ஆதலால், காணாமற்போன பிராணிகளைப் பற்றி எவரும் வாய்விட்டுக் கேட்காத ஓர் அச்சமும் இருந்தது. அதை அவர் நினைக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். வேலியருகே வந்தவரின் முகத்தில் வேறு செய்தி இருந்தது.

"ஆளு ஓடிட்டான், கிராணி ஐயா."

"பூனைதானே கங்காணி. சுற்றிவிட்டு வந்துவிடும்."

"பூனைன்னா வரும். இவன் ஓடிட்டான். ஓடற ஆள எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளா என் கண்ணப் பாக்கல."

ஓடிய ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவது முற்காலத்தில் அவருடைய தனித் திறமை. அவர் ஆளைத் தேடிப் போகமாட்டார். ஆள் செய்யும் வேலையைத் தேடிப் போவார். நன்றாகப் பால் வெட்டுகிறவன் எந்தத் தோட்டத்தில் ஒளிந்தாலும் மரத்துப் பட்டையில் அவன் கை தெரியும் என்பார். அதே முறையை இப்போதும் கையாண்டார். கோட்டுப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, லயத்தில் வீடுவீடாகப் போய், மரவள்ளி வற்றல் கட்டிவைத்த சாக்குகளைப் பிரம்பால் தட்டித் திருப்பிப் பார்த்தார். மழைக்கு மேடேறிய எலிகள் லயத்துக்குத்தான் வந்திருந்தன. முதல் வீட்டுச் சாக்கில் ஓட்டை. இரண்டாம் வீட்டில் சாக்கே சல்லடை.

"என்ன கங்காணி, இப்பச் சாக்குக்கெல்லாம் பெரட்டா?" என்றாள் ஒருத்தி.

"அலமாக்! எந்தச் சாக்கு லீவு போட்டுச்சு?" என்றாள் மற்றொருத்தி.

கங்காணி எல்லாச் சாக்கையும் தட்டிப் பார்த்து முடித்தார். கடைசி வீட்டுக்கு வந்தார். மூர்த்தியின் மனைவி பேச்சியம்மாள் பின்வாசலில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். சுவரோரமாகச் சாக்குகள் அடுக்கியிருந்தன. கங்காணி ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றிலும் ஓர் எலிப் பல் தடம்கூட இல்லை. நான் சற்றுப் பின்னால் நின்றேன். மூர்த்தி அவசரமாக உள்ளே போய் எதையோ தேடத் தொடங்கினார்.

"வாங்க கங்காணி" என்றாள் பேச்சியம்மாள், கையை நிறுத்தாமல். "ஆள் புடிக்க வந்தீங்களா?"

"என் ஆளு இங்கதான் இருக்கு."

"இருக்கு. மேல பாருங்க."

அடுப்படிக் கூரையின் கீழ், புகை படாத மூலையில், கொக்கி காலை மடக்கிப் படுத்திருந்தது. வயிறு நிறைந்த பூனையின் முகம் எப்படி இருக்குமென்பதை அன்றுதான் அதனிடம் கண்டேன்.

"கூப்பிட்டுப் பாருங்க. வந்தா தாராளமா கூட்டிட்டுப் போங்க. நான் ஒண்ணும் கட்டி வைக்கல."

கங்காணி பிரம்பைக் கக்கத்தில் இடுக்கினார். "கொக்கி!"

பூனை ஒரு கண்ணைத் திறந்தது. அவரை அடையாளம் கண்டது. மரியாதைக்காகவோ என்னவோ வால் நுனியை ஒருமுறை அசைத்தது. மீண்டும் கண்ணை மூடிக்கொண்டது.

"அரைப்பேரு போட்டா எவன் இருப்பான்?" என்றாள் பேச்சியம்மாள். "நான் இருந்தேனா?"

பழைய கதை அது. சண்டைக்கு முன்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், பாதி வாளிப் பாலோடு அவள் நிறுவைக்கு வந்தாள். அய்யாவு கங்காணி அரைப்பேர் போட்டார். அவ்வாரமே புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலோ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஓடிப்போனார்கள். அவர் தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஒரே குடும்பம் அதுதான். ஜப்பானியர் வந்து எல்லாத் தோட்டங்களும் மூடிய பிறகு, நல்ல மண் என்று அவர்களாகவே திரும்பி வந்து கடைசி வீட்டில் குடியேறினார்கள்.

கங்காணி ஓட்டை இல்லாத சாக்கை ஒருமுறை தடவிப் பார்த்தார். நான் அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கு எந்த வழியா போனீங்க?" என்று கேட்டார். "கூலாய் ரோட்டுல ஆள் நிறுத்தினேன். குளுவாங் ஸ்டேசன்ல நானே நின்னேன். இன்னி வரைக்கும் புரியல."

பேச்சியம்மாள் துருவலை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்பச் சொல்லுவேனாக்கும்? திரும்ப ஓட வேண்டி வந்தா?"

உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்த மூர்த்தியும் சிரித்தார். தேடுவதாகப் பாவனை செய்ததும் அதோடு முடிந்தது. வெளியே வந்து தலையைச் சொறிந்தார்.

"இது ராத்திரியில இங்க வர ஆரம்பிச்ச மொத நாளே சொல்லலாம்னுதான் இருந்தேன் கங்காணியாரே. இவதான் வேணாம்னா."

"ஆமா, நான்தான் வேணாம்னேன். இந்தா பாருங்க கங்காணி." அவள் குரலில் சிரிப்பு இருந்தாலும் சொல் தெளிவாக வந்தது. "எம் புருசன் இன்னிக்கு வீட்டுல ஒக்காந்து பல்லக் காட்டறான்னா அது உங்களாலதான். கன்னத்துல அறை வாங்கினது எங்களுக்காகத்தான். செத்தாலும் மறக்கமாட்டோம். அதுக்காக அந்த ஜீவன் பாதி வயித்தோட கெடக்கறத பாத்துட்டு இருக்க முடியுமா? அதுவும் அன்னிக்கு உங்களோட களத்துல நின்னுச்சுல்ல?"

கங்காணி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்; திரும்ப வைத்துக்கொண்டார்; போய்விட்டார்.

மறுநாள் காலை தகரம் ஒலிக்கவில்லை. லயமே தூங்கிப்போய்விட்டது. வெயில் ஏறிய பிறகு மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கங்காணியின் மூடிய கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அன்று மாலை, மெர்சிங்கிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் மலாய்க்காரரை அவர் வழியில் நிறுத்தி, பேரம் பேசாமல் எதையோ வாங்கினார். அவர் பேரம் பேசாததைக் கண்டு, மலாய்க்காரர் தாம் ஏமாந்துவிட்டோமோ என்ற ஐயத்தோடு போனார்.

அடுத்த நாள் விடியும் நேரம். களம் வெறுமையாக இருந்தது. கடைசி வீட்டுப் பின்வாசலிலிருந்து பேச்சுக் குரல் கேட்கவே நான் அந்தப் பக்கம் போனேன். பேச்சியம்மாளின் கோழிகள் தீனிக்காக வாசற்படி முன் கூடியிருந்தன. அவற்றின் பின்னே, காக்கிக் கோட்டின் எல்லாப் பொத்தான்களும் போட்டு, கையில் ஒரு சிரட்டையோடு அய்யாவு அவர்கள் நின்றுகொண்டிருந்தார். பிரம்பைக் காணவில்லை. தொப்பி தலையில் இல்லை, கக்கத்தில் இருந்தது. முற்காலத்தில் அவருக்கு முன்னால் ஆட்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்ற நிலை எனக்கு நினைவிருந்தது.

கரித்தூள் வாயோடு மூர்த்தி எட்டிப் பார்த்தார். எல்லா வீடுகளுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"கங்காணியாரே! ஆஜரா?"

லயம் காத்திருந்தது.

"ஆஜர்" என்றார் கங்காணி, வழக்கமான கடுப்போடு. "பல்ல வெளக்குடா."

சிரிப்பொலி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போயிற்று. கொக்கி தன் மூலையிலிருந்து எழுந்து, முதுகை நெளித்து, தனக்குத் தோன்றிய நேரத்தில் கீழே இறங்கி வந்தது. வாயில் எலி இல்லை. கோழிகளை விலக்கிக்கொண்டு வந்து, அவருடைய காலடியில் பழைய இடைவெளி விட்டு உட்கார்ந்தது.

கங்காணி சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு கருவாட்டை எடுத்தார். இரு கட்டைவிரல்களும் தாமாகவே அதன் நடுவுக்குப் போய் அழுத்தி நின்றன. பூனை அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்; கருவாட்டை முழுதாகச் சிரட்டையில் வைத்தார்; கோழிகள் கொத்திவிடாதபடி தொப்பியால் ஒரு பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு, அது தின்று முடிக்கும் வரை குனிந்தபடியே நின்றார்.